விட்ட யோகாவைத் திரும்பத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்ச் சமூக உடற்பயிற்சிக் கூடத்தில் பெயர் பதிவது என் பொறுப்பு. யோகா வகுப்புக்கு வருபவர்களில் பலர் முன்பு எப்போதோ செய்துவிட்டு நிறுத்தியவர்கள். பள்ளிக்கூடத்தில், என்.எஸ்.எஸ். முகாமில், வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றத்தில் என்று ஆளுக்கொரு இடத்தில் கற்றிருப்பார்கள். மேசை முன் நின்று அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களை எங்கள் யோகா ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துத் தொகுத்திருக்கிறேன்.

"பத்து வருஷம் முன்னாடி நல்லா செஞ்சவன் சார் நான். என்னை எந்த பேட்ச்ல போடுவீங்க?"

ஆரம்பநிலை பேட்ச்சில்தான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் காரணம் இருக்கிறது. உடம்பு விட்டதை மனது விடுவதில்லை. ஹலாசனத்தில் கால் தலைக்குப் பின்னால் போய்த் தரையைத் தொட்டது நினைவில் அப்படியே இருக்கும். அந்த நினைப்பிலேயே முதல் நாள் காலைத் தூக்குவார்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒன்றுமே தெரியாமல் வருபவர் பயந்து பயந்து செய்வார். நாங்கள் பார்த்தவரை, அதிகம் அடிபடுவது தெரிந்தவர்களுக்குத்தான்.

முன்பு பழகிய தசை புதியவரின் தசையைவிடச் சீக்கிரம் பலம் பிடிக்கும், உண்மைதான். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் மூட்டைப் பிணைக்கும் நார்களுக்கும் அந்த வேகம் கிடையாது. இரண்டாவது வாரத்தில் "எல்லாம் வந்துவிட்டது" என்று தோன்றும்போது தசை மட்டும்தான் வந்திருக்கும். அதனால்தான் ஆரம்பநிலை பேட்ச். அங்கே உட்காருவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

"பழைய நிலைக்கு வர எவ்வளவு நாள் ஆகும்?"

வாரம் மூன்று நாள் ஒழுங்காக வந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் உடம்பு இலகுவாவது தெரியும். பழைய நிலை என்பது வேறு விஷயம். இருபத்தைந்து வயதில் செய்ததை நாற்பத்தைந்தில் அப்படியே செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழைய படத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். போன மாதம் குனிந்து செருப்பு வார் போட மூச்சு வாங்கியதா, இந்த மாதம் வாங்கவில்லையா என்று பாருங்கள். அது சரியான கணக்கு.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணுமா?"

எல்லோரும் கேட்க வேண்டியதில்லை. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம், முதுகுத்தட்டு விலகல், கழுத்துத் தேய்மானம், கண் அழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கட்டாயம் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்கும்போது "யோகா செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யலாம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "தலை கீழே போகிற ஆசனம் செய்யலாமா, முன்னால் குனியலாமா, மூச்சை அடக்கலாமா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு படித்த மருத்துவர்கள் அங்கே இருப்பார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொருத்தமான இடம் அது. ரத்த அழுத்தம், சர்க்கரை எவ்வளவு என்றே தெரியாதவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருபவர்களிடமும் கேட்கலாம்.

"பாய் வாங்கணுமா? வீட்ல இருக்கிற கோரைப்பாய் போதாதா?"

படுத்துச் செய்யும் பயிற்சிக்குக் கோரைப்பாய் போதும். நின்று செய்வதற்கு ஆகாது. மொசைக், டைல்ஸ் தரையில் அது வழுக்கும். வீரபத்ராசனத்தில் கால் அகண்டு நிற்கும்போது பாய் நகர்ந்தால் தொடை இடுக்கில் பிடித்துக்கொள்ளும். நிற்கும் ஆசனங்களை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்யலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

வாங்குவதாக இருந்தால் முட்டி வலி உள்ளவர்களுக்கு 6 மில்லிமீட்டர் தடிமன் பாய் நல்லது. ரொம்பத் தடிமனாக வாங்கினால் ஒற்றைக் காலில் நிற்கும்போது தள்ளாடும். ஜமக்காளம் ஒன்றைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். எதற்கு என்று முட்டிக் கேள்வியில் சொல்கிறேன்.

"புடவையோட வரலாமா?"

வரலாம். மூச்சுப்பயிற்சி, கை கழுத்துப் பயிற்சிகளுக்குப் புடவை தடையில்லை. கால் தூக்கும் ஆசனங்களுக்குச் சுடிதார் வசதி. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள், புடவைக்கு உள்ளே பேண்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பெண்களுக்குத் தனி பேட்ச் இருக்கிறது. ஆண்கள் வேட்டியில் வர வேண்டாம்.

"காலைல காபி குடிக்காம எனக்குப் பொழுதே விடியாது. குடிச்சிட்டு வரலாமா?"

குடித்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்து வாருங்கள். டபரா நிறையக் குடிக்காமல் அரை டம்ளரோடு நிறுத்துங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வகுப்பு முடிந்து குடிப்பதே நல்லது. குனியும்போது எதுக்களித்துக்கொண்டு வரும்.

சாப்பாட்டுக் கணக்கு இதுதான்: முழுச் சாப்பாடு என்றால் மூன்று, நான்கு மணி நேரம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் என்றால் ஒன்றரை மணி நேரம். சாயங்கால பேட்ச்சுக்கு வருபவர்கள் நான்கு மணி பஜ்ஜியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கான பதில் கீழே தனியாக இருக்கிறது.

"காலைல நல்லதா, சாயங்காலம் நல்லதா?"

தவறாமல் வர முடிந்த நேரம் நல்லது. காலையில் உடம்பு விறைப்பாக இருக்கும், சாயங்காலம் இளகியிருக்கும். திரும்ப வருபவர்களுக்கு ஆசனம் சாயங்காலம் சுலபமாக இருப்பதைப் பார்க்கிறேன்.

நம் பக்கத்து வெக்கையையும் கணக்கில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் புழுக்கம் தாங்காது, வியர்வை காயாது. அந்த மாதங்களில் காலை ஆறு மணி பேட்ச்சுக்கு மாறிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், நடுவில் ஒரு வாய் குடித்தால் யோகம் கெட்டுவிடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டு இன்னும் பிடித்துக்கொண்டதாகப் பலர் சொல்வார்கள். அப்போது கை, கால் அசைவுப் பயிற்சிகளை இரட்டிப்பாக்கிக்கொண்டு ஆசனத்துக்கு மெதுவாகப் போங்கள்.

"சம்மணம் போட்டா முட்டி வலிக்குது. தரையிலயே உட்கார முடியலயே, எனக்கு யோகா வருமா?"

வரும். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, முன்பெல்லாம் இப்படி இல்லை. தரையில் இலை போட்டுச் சாப்பிட்ட பந்தி மேசைக்குப் போய்விட்டது. கழிவறை உயரமாகிவிட்டது. திண்ணை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. நாள் முழுக்கத் தொண்ணூறு பாகையில் உட்கார்ந்து பழகிய இடுப்பு, சம்மணம் போடச் சொன்னால் திரும்ப மறுக்கிறது. இடுப்பு திரும்பாததால் அந்தத் திருகல் முழுவதும் முட்டிக்குப் போகிறது. முட்டி கதவின் கீல் போல முன்னும் பின்னும் மடங்கத்தான் ஆனது, பக்கவாட்டில் திருகினால் வலிக்கத்தான் செய்யும். அதாவது வலிப்பது முட்டி, வேலை பார்க்க வேண்டியது இடுப்பில்.

ஜமக்காளத்தை நான்காக, எட்டாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நிற்கும் முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள். அப்படியும் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். எங்கள் வகுப்பில் பின்வரிசை முழுக்க நாற்காலிதான். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி மறு தொடைமேல் கணுக்காலை வைத்து இழுக்கும் பயிற்சி, சுவரோரம் உட்கார்ந்து இரு பாதங்களையும் ஒட்டவைத்து முட்டிகளை விரிக்கும் பத்தகோணாசனம், இந்த இரண்டையும் தினம் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

முட்டியை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம் சாப்பிட்டபின் செய்தால் ஜீரணம் என்று கேள்விப்பட்டு முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் வலியோடு உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாப்பிட்டபின் வாசலில் பத்து நிமிடம் உலாவினால் போதும்.

"நடவு, களையெடுப்புன்னு நாளெல்லாம் குனிஞ்சுதான் நிக்கிறோம். இதுக்கு மேல எங்களுக்கு என்னத்துக்கு யோகா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நியாயமாகக் கேட்டார். வயல் வேலை செய்பவர்களுக்கு உழைப்பு போதாமல் இல்லை. ஒரே பக்கமாக உழைப்பதுதான் சிக்கல். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்தால் மணிக்கணக்கில் முன்னால் குனிந்தே இருப்பார்கள். இயந்திர நடவு வந்தபிறகும் மூலை முடுக்கில் கைநடவுதான். முதுகுத்தட்டின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்கத் தசை இழுபட்டே கிடக்கும். அவர்களை வகுப்பிலும் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம் என்று மறுபடி குனியவைத்தால் வலி கூடத்தான் செய்யும்.

அவர்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். மகராசனத்தில் குப்புறப் படுத்து ஓய்வு, அப்புறம் முழங்கையை ஊன்றித் தலையை மட்டும் தூக்குவது, அது பழகியபின் பாம்புபோல் மார்பையும் தூக்கும் புஜங்காசனம். வரப்பில் ஏறியதும் இடுப்பில் கைவைத்து நான்கைந்து முறை மெல்லப் பின்னால் சாய்ந்தால் அதுவே ஒரு ஆசனம்தான். பின்னால் சாயும்போது வலி காலுக்கு இறங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நடவு நாட்களிலும் சம்பா அறுவடை நாட்களிலும் வகுப்புக்கு வரச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை. வீட்டில் மல்லாந்து படுத்து, காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை நாற்காலிமேலோ கட்டில்மேலோ தூக்கிப் போட்டுப் பத்து நிமிடம் கிடங்கள். வேலை ஓய்ந்ததும் வாருங்கள்.

"தினம் மகாமகக் குளத்தைச் சுத்தி நடக்கிறேன். அது போதாதா?"

நடையை விடவே விடாதீர்கள். வயதுவந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மெதுவான ஆசன வகுப்பு அந்தக் கணக்கை நிரப்பாது, வேக நடை நிரப்பும். அதே பரிந்துரையில் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்றும், 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நடை தராது. நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்கும் உத்கடாசனமும் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனமும் தரும். எனவே நடை மூன்று நான்கு நாள், யோகா மூன்று நாள் என்று வைத்துக்கொள்வது என் யோசனை.

"முதல் நாள் வந்தேன். மறுநாள் உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி. நிறுத்திடவா?"

தசையில் பரவலாக வலித்து, தொட்டால் நோகிறது என்றால் பயப்பட வேண்டாம். ஓய்ந்திருந்த தசைக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். ஒருநாள் விட்டு அடுத்த வகுப்புக்கு வந்து பாதி அளவு செய்யுங்கள். வெந்நீர்க் குளியல் இதமாக இருக்கும்.

மூட்டுக்குள் குத்துகிற மாதிரி வலி, வீக்கம், மரத்துப்போவது, கழுத்திலிருந்து கைக்கோ இடுப்பிலிருந்து காலுக்கோ மின்சாரம் ஓடுகிற மாதிரி உணர்வு என்றால் கதை வேறு. உடனே நிறுத்துங்கள். வகுப்பின் நடுவில் நெஞ்சு இறுக்கமோ இடது கை வலியோ வந்தால் "வாயுப்பிடிப்பு" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள், 108-ஐக் கூப்பிடுவோம்.

"யோகா ஆரம்பிச்சாச்சு. சுகர் மாத்திரை, பிபி மாத்திரையை நிறுத்திடலாமா?"

கூடாது. அப்படி நிறுத்தச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள், எங்கள் கூடத்திலேயே யாராவது சொன்னாலும்கூட. தொடர்ந்து பயிற்சி செய்து அளவு குறைந்தால் மருந்தைக் குறைப்பது மருத்துவரின் முடிவு.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வரக்கூடாது. ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டு, பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு நிற்கும்முன் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில பிபி மாத்திரைகளுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சவாசனம் முடிந்ததும் பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றி, நிதானமாக எழுந்திருங்கள்.

"நான் முன்னாடி மனவளக்கலை செஞ்சவன். அதையும் இதையும் கலக்கலாமா?"

தாராளமாக. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல், உடல் தளர்த்தல் என்று வரிசை இருக்கிறது. மூட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பிவிட அது அருமையான தொடக்கம். வரிசை மறக்காமல் இருந்தால் வீட்டில் அதைச் செய்துவிட்டு வகுப்பில் ஆசனம் செய்யுங்கள். இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் வேண்டாம். ஆனால் அதிலும் கபாலபதி இருக்கிறது. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

"திருமூலர் பதினாறு, அறுபத்து நாலு, முப்பத்திரண்டுன்னு கணக்கு சொல்லியிருக்காரே. அப்படி மூச்சு அடக்கலாமா?"

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டது. திருமூலர் இருந்து பாடிய திருவாவடுதுறை நமக்குப் பக்கத்து ஊர், ஆகவே ஆசை வருவது இயல்பு. பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்பது அவர் கணக்குத்தான் (மாத்திரை இங்கே கால அளவு). இழுக்கும் நேரத்தைப்போல நான்கு மடங்கு அடக்கி, இரண்டு மடங்கு நேரத்தில் விடுவது. குருவின் கண்பார்வையில் வருடக்கணக்கில் சாதகம் செய்பவர்களுக்கு உரியது அது. விட்டுத் திரும்ப வருபவர் அடக்கவே வேண்டாம். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் இதுவே போதும்.

கபாலபதி, பஸ்திரிகா இரண்டும் வயிற்றை வேகமாக உதறும் பயிற்சிகள். டாக்டர் கேள்வியில் சொன்ன பட்டியலில் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தொடக் கூடாது. செல்போனில் வீடியோ பார்த்து நிமிடக்கணக்கில் உதறாதீர்கள். முதல் மாதம் மூக்குத் துவாரத்தை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியும், வண்டுபோல் ரீங்கரித்து மூச்சுவிடும் பிராமரியும் செய்தால் போதும்.

"மாசத்துல அந்த மூணு நாள் வரலாமா? குழந்தை பிறந்து எத்தனை மாசம் கழிச்சு வரலாம்?"

அந்த நாட்களில் வரக்கூடாது என்ற தடை எங்கள் கூடத்தில் கிடையாது. தலைகீழ் ஆசனங்களை அந்த நாட்களில் தவிர்ப்பது யோக மரபு. மற்றபடி உங்கள் உடம்புக்கு எது இதமோ அதைச் செய்யுங்கள், படுத்து மூச்சு மட்டும் கவனித்தாலும் வகுப்புதான்.

சுகப்பிரசவம் என்றால் ஆறு வாரம், சிசேரியன் என்றால் இரண்டு மூன்று மாதம் ஆனபின், பிரசவம் பார்த்த மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். "தொப்பை குறைய" என்று, உடம்பைப் படகுபோல் தூக்கும் நௌகாசனத்துக்கு நேரே போகாதீர்கள். நடு வயிற்றுத் தசை பிரிந்திருந்தால் அது இன்னும் பிரியும். இருமினால் சிறுநீர் கசிகிறது என்றால் வெட்கப்படாமல் பெண்கள் பேட்ச் ஆசிரியையிடம் சொல்லுங்கள், இடுப்புத்தளத் தசைக்குத் தனிப் பயிற்சி உண்டு.

"நாங்க பள்ளிவாசல் தெரு. ஓம் சொல்லணுமா? சூரிய நமஸ்காரம் கட்டாயமா?"

இரண்டும் கட்டாயமில்லை. மற்றவர்கள் ஓம் சொல்லும்போது நீங்கள் அமைதியாக இருக்கலாம், உங்கள் வேண்டுதலை மனதுக்குள் சொல்லலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளையும் தனித்தனி ஆசனமாகப் பிரித்துச் செய்துகொள்ளலாம். 2015-ல் முதல் யோகா நாளுக்கென்று ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொதுப் பயிற்சி முறையிலேயே சூரிய நமஸ்காரம் சேர்க்கப்படவில்லை. தேவாலயத் தெருவிலிருந்து வருபவர்களுக்கும் இதே பதில்தான். ஊர்ப் பொது இடத்தில் நடக்கும் வகுப்பில் ஒருவர் தயங்கி நிற்கும்படி ஆகக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

"மாஸ்டர் முதுகுல கைவெச்சு அழுத்துறார். வேண்டாம்னா மரியாதைக் குறைவா இருக்குமே?"

இருக்காது. வலியின் எல்லை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. "மாஸ்டர், போதும்" என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. திரும்ப வருபவர்கள் முதல் நாளே "என்னைத் தொட்டுத் திருத்த வேண்டாம், வாயால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடலாம். எலும்பு அடர்த்தி குறைந்த பெரியவர்களை முன்னால் குனியவைத்து அழுத்துவது ஆபத்து, முதுகெலும்பு நொறுங்கக்கூடும். தொடுவது வேறு விதமாகத் தோன்றினால் என்னிடமோ பொறுப்பாளரிடமோ வந்து சொல்லுங்கள். பெண் பொறுப்பாளரும் இருக்கிறார்.

"நடுவுல கல்யாணம், மழை, காய்ச்சல்னு நின்னுபோச்சு. மறுபடி வர ஒரு மாதிரி இருக்கு."

எல்லோருக்கும் நிற்கிறது. ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு, மூன்று வாரம் என்றால் முதல் இரண்டு வகுப்பு பாதி அளவு. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் முதல் கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்கும் பொருந்தும்.

காய்ச்சல் விட்ட மறுநாளே வராதீர்கள், ஒரு வாரம் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள். டெங்கு என்றால் மருத்துவர் சொன்னபின் வாருங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். அவர்கள் பின்வரிசை நாற்காலியிலிருந்து தொடங்கட்டும். புதிதாகப் பதிய வேண்டியதில்லை, பழைய அட்டையே செல்லும். அட்டை தொலைந்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், பதிவேட்டில் பார்த்துக்கொள்கிறேன்.